சின்னசாமியின் இடது தொடை

1. டேப்

ஐந்தாவது வாரம் சனிக்கிழமை மாலை சின்னசாமியின் இடது தொடையில் டேப்பைச் சுற்றிப் பார்த்தேன். நாற்பத்தைந்து சென்டிமீட்டர். இரண்டு வாரத்துக்கு முன்னால் நாற்பத்தைந்தரை இருந்தது. அளந்த இடம் தவறியிருக்கும் என்று முழங்கால் சிப்பிக்கு மேலே பதினைந்து சென்டிமீட்டரில் பேனாவால் கோடு போட்டு மறுபடி அளந்தேன். அதே நாற்பத்தைந்து. ஐந்து வாரம் நான் சொன்னதையெல்லாம் செய்த மனிதரின் தசை வளராமல் குறைந்திருந்தது.

"எவ்வளவுங்க மாஸ்டர்?" என்றார்.

"அப்படியேதான் இருக்குது. பரவாயில்ல," என்றேன்.

அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. சின்னப் பொய்தான்.

நான் இருபத்தொரு வருடமாக ஜிம் மாஸ்டர். தருமபுரியில் பதினொரு வருடம், பாலக்கோட்டில் பத்து. சொந்த ஜிம் கிடையாது. இன்னொருவருடைய ஜிம்மில் காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை, மாலை நாலிலிருந்து ஒன்பது வரை நிற்கிறேன். வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. தொண்டை கட்டியே கிடக்கிறது. திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னால் வந்து "செஸ்ட் வந்துருமா மாஸ்டர்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பயிற்சியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் இளையவர்கள், "உங்க அனுபவத்த எழுதுங்க மாஸ்டர், எங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்று மூன்று மாதமாக நச்சரிக்கிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது 'முன்பு, பின்பு' என்று இரண்டு போட்டோ போடுகிற கதை. அந்த மாதிரிக் கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அவற்றை எழுதுவதற்கு எனக்குத் தெம்பும் இல்லை, ஆசையும் இல்லை. பிரயோஜனம் வேண்டுமென்றால் இதைப் படியுங்கள்.

2. நிறுத்தி வைத்த இடம்

சின்னசாமி தக்காளி மண்டியில் லோடுமேன். வயது முப்பத்தெட்டு. சித்திரை கடைசியில் லாரிக்குள் அடுக்கியிருந்த கிரேட்டுப் பெட்டிகள் சரிந்து இடது கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு, ஓய்வு என்று கிட்டத்தட்ட மூன்று மாதம் போயிற்று. கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடிவிட்டது, தொடைதான் காணாமல் போயிருந்தது. அசைக்காமல் வைத்த தசையை உடம்பு வீண் செலவு என்று நினைத்துக் கரைத்துவிடும். அதற்கு வாரக்கணக்கு போதும். டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "இனிமே வெயிட் போடலாம், தொடையைப் பலப்படுத்து" என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆவணி முதல் வாரம் என்னிடம் வந்தார்.

வலது தொடை நாற்பத்தொன்பது சென்டிமீட்டர். இடது நாற்பத்து நாலரை. நாற்காலியிலிருந்து இடது காலை மட்டும் ஊன்றி எழச் சொன்னேன். பாதி எழுந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்துபோனது.

"தீபாவளிக்குள்ள ஆயிருங்களா?" என்றார்.

"ஏன், தீபாவளிக்கு என்ன?"

அவர்கள் கேங்கில் பதினாறு பேர். லோடு ஏற்றும்போது ஒருவனுக்கு அடிபட்டால் அவன் இடத்தை உடனே வேறு ஆளுக்குக் கொடுக்க மாட்டார்கள். மீதிப் பதினைந்து பேர் அவன் பங்கையும் சேர்த்துச் சுமப்பார்கள். அதற்கு 'இடம் நிறுத்தறது' என்று பெயர். ஆனால் எவ்வளவு நாள்தான் சுமப்பார்கள்? மேஸ்திரி மாதப்பன் கெடு சொல்லிவிட்டார். தீபாவளி கழிந்த முதல் திங்கட்கிழமை சின்னசாமி வரிசையில் நின்று ஒரு லாரி முழுக்க ஏற்றிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் இடம் போய்விடும். அந்த இடத்துக்காக வெளியே ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள்.

"பதினெட்டு வருசமா அங்கதானுங்க இருக்கறேன். வேற வேல எனக்குத் தெரியாதுங்க மாஸ்டர்," என்றார்.

பதினொரு வாரம் இருந்தது. ஒருமுறை வளர்ந்து பிறகு கரைந்த தசை, புதிதாக வளர்வதைவிடச் சீக்கிரம் திரும்பும். இது எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில், "ஆயிரும், நான் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டேன்.

3. எனக்குத் தெரிந்தது

நான் தொழில் பழகிய காலத்தில் விஞ்ஞானம் என்று ஒன்றும் கிடையாது. மறுநாள் படி இறங்க முடியாமல் வலித்தால் நல்ல ஒர்க்அவுட், வலிக்காவிட்டால் ஏமாற்று வேலை. தினமும் வா, தினமும் அடி. பிறகு சேலத்தில் ஒரு சான்றிதழ் வகுப்பில் சேர்ந்து, நாற்பது வயதுக்கு மேல் புத்தகம் படித்து, அதுவரை சொல்லிக்கொடுத்ததில் பாதி தப்பு என்று தெரிந்துகொண்டேன்.

தசை வளர வேண்டுமென்றால் அதன் நார்கள் மேல் போதுமான இழுவிசை விழ வேண்டும். ஒரு செட்டில் எட்டு தடவை, அதாவது எட்டு ரெப், செய்தாலும் சரி, இருபது ரெப் செய்தாலும் சரி, செட் முடியும்போது 'இன்னும் ஒன்றிரண்டுதான் முடியும்' என்ற நிலைக்கு வந்திருக்க வேண்டும். உடம்பு அதற்குப் பழகியதும் எடையையோ ரெப்பையோ கொஞ்சம் கூட்ட வேண்டும். ஒரு தசைக்கு வாரத்துக்குப் பத்திலிருந்து பதினைந்து கடினமான செட் பெரும்பாலானவர்களுக்குப் போதும். வலி அளவுகோல் இல்லை. தூண்டுதல் மட்டும்தான் ஜிம்மில் நடக்கிறது. தசை வளர்வது அதற்குப் பிறகு, சாப்பாட்டிலும் தூக்கத்திலும் ஓய்விலும். முதல் சில வாரம் தூக்கும் எடை கூடுவது பெரும்பாலும் நரம்பு பழகுவதால். டேப்பில் முதலில் கூடுவதில் வீக்கமும் கலந்திருக்கும், அதை நம்பிக் குதிக்கக் கூடாது.

இதை சின்னசாமிக்குச் சொல்ல அவர் தோளையே காட்டினேன். கிரேட் வைத்து வைத்து அங்கே தோல் காய்த்திருந்தது.

"இது எப்படி வந்துச்சு?"

"கிரேட்டு தேய்ச்சுதானுங்க."

"பதினெட்டு வருசமா தேய்க்குது. அப்ப இது ஒரு முழ ஒசரம் வளந்திருக்கணுமில்ல? ஏன் வளரல?"

யோசித்தார். "இவ்வளவு போதும்னு நின்னுடுச்சுங்களா?"

"அவ்வளவுதான். தசையும் அப்படித்தான். கேக்கற அளவுக்குத்தான் வளரும். நாம கொஞ்சம் கொஞ்சமா அதிகமா கேக்கணும்."

அவருக்குப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு எடை கூட்டும்போதெல்லாம், "இன்னிக்குக் கொஞ்சம் அதிகமா கேட்டுப்பாக்கலாங்க மாஸ்டர்," என்பார்.

வாரம் மூன்று நாள். லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன், டம்பெல்லை மார்போடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழும் ஸ்குவாட். இடது காலுக்கு வாரத்துக்குப் பன்னிரண்டு செட். செட்டுக்கு நடுவில் இரண்டு நிமிடம் உட்கார வைத்தேன். சாப்பாடு கேட்டேன். இரண்டு வேளை ராகிக்களி, ஒரு வேளை சோறு. களி தின்றால் பலம் என்று நம் ஊரில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பலம்தான், ஆனால் புரதம் போதாது. தினம் மூன்று முட்டை, கொள்ளு, வேர்க்கடலை, பால் என்று எழுதிக் கொடுத்தேன். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்றும் கேட்டேன். ஒன்பதுக்குப் படுத்து மூன்றரைக்கு எழுவதாகச் சொன்னார். லோடுமேன் பழக்கம், விழிப்பு வந்துவிடுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். மூன்றரைக்கு எழுந்து என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. சேர்க்கைப் படிவத்தில் 'தொழில்' என்ற கோட்டில் என் கையாலேயே 'லோடுமேன், லீவில் இருக்கிறார்' என்று எழுதினேன்.

4. புரட்டாசி

மூன்றாவது வாரம் ஒரு சென்டிமீட்டர் கூடியது. ஐந்தாவது வாரம் அரை குறைந்தது. அந்தச் சனிக்கிழமைதான் முதலில் சொன்னது.

காரணம் தேடினேன். கைக்கு எட்டிய தூரத்திலேயே கிடைத்தது. புரட்டாசி பிறந்திருந்தது. சின்னசாமி குடும்பம் பெருமாளுக்கு விரதம் இருப்பவர்கள், வீட்டில் முட்டை வாசனையே வராது.

"இதாம்ப்பா விசயம். முட்டைய நிறுத்திட்டீங்க இல்ல, அதான்," என்றேன்.

"வூட்டுல சொன்னா ஒத்துக்க மாட்டாங்க மாஸ்டர். சாமி விசயங்க," என்றார், தப்பு செய்தவரைப் போல.

புரட்டாசி பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மூன்று நாள் முட்டை தின்னாவிட்டால் யாருக்கும் தொடை கரையாது. இதைப் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் பெருமாள் மேல் பழியைப் போடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. கொள்ளையும் பாலையும் கூட்டச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பாவமில்லை. நாள் போகிறதே என்ற பயத்தில் செட்டையும் கூட்டினேன். வாரம் மூன்று நாள், ஐந்து நாளாயிற்று. பன்னிரண்டு செட், இருபத்து நாலாயிற்று. வளரவில்லையா, இன்னும் அடி. பழைய புத்தி எங்கும் போய்விடவில்லை, பயம் வந்ததும் எட்டிப் பார்த்தது.

சின்னசாமி ஒரு நாள்கூட முடியாது என்று சொல்லவில்லை. மாலை ஐந்து மணிக்குச் சரியாக வந்துவிடுவார். கண் உள்ளே போயிருந்தது. போன வாரம் பத்து ரெப் செய்த எடையை ஏழுக்கு மேல் தள்ள முடியவில்லை. முழங்கால் வலிக்கிறதா என்றால், "லேசாத்தானுங்க" என்பார். ஏழாவது வாரம் அளந்தேன். நாற்பத்து நாலு. என்னிடம் வந்த அன்று இருந்ததைவிட அரை சென்டிமீட்டர் குறைவு.

அன்று டேப்பை அவர் பார்க்காதபடி சுருட்டிப் பைக்குள் வைத்தேன். உடம்பு மெலிந்தது, கண் குழிந்தது, பலம் குறைந்தது. எல்லாம் அளவுக்கு மீறி உழைக்கும் உடம்பின் அறிகுறிகள். வாரம் ஐந்து மணி நேர ஜிம்மில் இவ்வளவு வருமா என்று குழம்பினேனே தவிர, மிச்ச நேரத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

5. சும்மா கை கொடுத்தது

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. தக்காளி இரண்டு கிரேட் மொத்தமாக வாங்கலாம் என்று காலை ஆறு மணிக்கு மண்டிக்குப் போனேன். டிராக்டரும் டெம்போவும் வரிசையாக நின்றன. ஏலம் முடிந்த சரக்கைப் பெங்களூர் லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிரேட் ஒன்று இருபத்தைந்து கிலோவுக்கு மேல் வரும், இரண்டை ஒன்றாகத் தோளில் வைத்துக்கொண்டு பலகையில் ஏறுகிறார்கள். தரையிலிருந்து தோளுக்குத் தூக்கிவிட ஓர் ஆள் குனிந்து குனிந்து எழுந்துகொண்டிருந்தார். சின்னசாமி.

நான் ஒரு கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று எண்ணினேன். பத்து நிமிடத்தில் முப்பத்திரண்டு தடவை. முழுசாக உட்கார்ந்து, பிடித்து, எழுந்து, தோளுக்கு ஏற்றிவிட்டு, மறுபடி உட்கார்ந்தார். இடது காலை ஒதுக்கி ஒதுக்கி வைத்துச் செய்தார். லாரி நிரம்பியதும் அடுத்த லாரிக்கு நகர்ந்தார்கள். அவரும் நகர்ந்தார்.

கூப்பிட்டேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"வாங்க மாஸ்டர், தக்காளிக்கா? சொல்லியிருந்தா நானே நல்லதா எடுத்து வெச்சிருப்பேன்."

"இங்க என்ன பண்றீங்க?"

"சும்மா கை குடுக்கறதுங்க."

"எத்தன நாளா?"

"கட்டுப் பிரிச்சு நடக்க ஆரம்பிச்சதுல இருந்துங்க. மொதல்ல சும்மா வந்து உக்காந்திருந்தேன். ஆவணி மாசத்துல இருந்து தூக்கி வுடறேன். இடம் நிறுத்தி வெச்சிருக்கறப்ப தெனமும் வந்து மொகங்காட்டணுமில்லீங்க. மத்தவங்க என் பங்கச் சொமக்கறாங்க, நான் கையக் கட்டிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

நாலு மணிக்கு வந்தால் பத்து மணி வரை. ஏழு வாரமாக, ஞாயிறு உட்பட, தினமும் பல நூறு ஸ்குவாட். கூலி கிடையாது. அதனால் அது அவர் கணக்கில் வேலையே இல்லை. என்னிடம் மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. எதற்கு அதைப்போய்ச் சொல்வார்?

நல்ல காலில் இதைச் செய்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் தசை வளரவும் செய்யாது. ஒரே எடை, பழகிய எடை, எந்தத் தடவையும் தசை அதன் எல்லையைத் தொடுவதில்லை. அந்தக் கேங்கில் யார் தொடையைப் பார்த்தாலும் தெரியும், முறுக்கிய கயிறு மாதிரி மெலிந்துதான் இருக்கும். ஆனால் செலவு மட்டும் முழுசாக உண்டு. சாப்பிட்ட புரதமும் தூங்கிய தூக்கமும் காலை பத்து மணிக்குள் தீர்ந்துவிடுகின்றன. மிச்சமில்லாத உடம்பை நான் மாலையில் வாங்கி இருபத்து நாலு செட் அடித்திருக்கிறேன்.

அங்கே நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'நான் கேட்காமல் விட்டேன், என் தப்பு' என்று. நான் சொன்னது இது:

"ஏன்யா, அறிவிருக்குதா உனக்கு? இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அதுவரை அவரை நீ, வா, போ என்று பேசியதில்லை. சின்னசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புதானுங்க மாஸ்டர்," என்றார்.

6. பாதியாகக் குறைத்தது

நாலு வாரம் மிச்சம் இருந்தது. மண்டிக்கு வந்து முகம் காட்டுங்கள், உட்கார்ந்திருங்கள், கிரேட்டைத் தொடக் கூடாது என்றேன். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கேங்கில் இரண்டு பேர் 'ராஜா வந்துட்டாரு, சேர் போடு' என்று கிண்டல் செய்தார்களாம். அதைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் ஒரு வாரம் ஜிம்மே வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். பிறகு வாரம் இரண்டே நாள், மொத்தம் பத்து செட்.

"இவ்வளவுதானுங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார்.

"இவ்வளவுதான். வூட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுங்க."

ஏழு ரெப் தள்ளிய எடையைப் பத்து ரெப் தள்ளினார், பன்னிரண்டு தள்ளினார். எடையைக் கூட்டினேன். அதையும் தள்ளினார். முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியது. புரட்டாசி முடிந்து முட்டையும் திரும்ப வந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் டேப் நாற்பத்தாறு காட்டியது. நாலு வாரத்தில் இரண்டு சென்டிமீட்டர். கொஞ்சம் வீக்கம் என்று கழித்தாலும் நல்ல வளர்ச்சி. இந்தப் பத்து செட்டை முதல் நாளிலிருந்து கொடுத்து, காலையில் உட்கார வைத்திருந்தால் இப்போது கால் தயாராக இருந்திருக்கும். இன்னும் எட்டு வாரம் கிடைத்தால்கூடத் தயாராகிவிடும். எனக்கு இது தெளிவாகத் தெரிந்தது. அவரிடம் நான் சொல்லவில்லை.

7. பலகை

திங்கட்கிழமை காலை நானும் மண்டிக்குப் போனேன். ஜிம்மில் காலை பேட்ச்சை ஓனரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் நின்றது. அதில் என் ஜிம்முக்கு வரும் இரண்டு பேர், தரகர் வீட்டுப் பிள்ளைகள்.

சின்னசாமி வரிசையில் நின்றார். முதல் இருபது நடை சரியாகப் போனது. பலகையில் ஏறும்போது இடது காலை முதலில் வைத்தார், அது எனக்கு சந்தோஷமாக இருந்தது. முப்பதுக்கு மேல் மூச்சு மாறியது. லாரி முக்கால் நிரம்பியபோது பலகையின் நடுவில் நின்றுவிட்டார். இடது தொடை வெடவெடவென்று நடுங்குவது வேட்டிக்கு மேலேயே தெரிந்தது. பின்னால் வந்தவர்கள் தோளில் பாரத்தோடு நின்றார்கள். வரிசை முழுவதும் நின்றது. அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். அடுத்த அடி வரவில்லை.

"போதும். எறக்குங்கடா அவன," என்றார் மேஸ்திரி மாதப்பன்.

இரண்டு பேர் ஏறி அவர் தோளிலிருந்து கிரேட்டை வாங்கினார்கள். சின்னசாமி இறங்கி வந்து லாரிச் சக்கரத்தின் பக்கத்தில் நின்றார். மாதப்பன் கெட்டவர் இல்லை. அறுபது வயது, கேங்கில் யாருக்குத் தலைவலி என்றாலும் போய்ப் பார்க்கிற மனிதர். அவர் என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"மாஸ்டர், நீங்க படிச்சவரு, நீங்க சொல்லுங்க. ரெண்டரை மாசமா உங்க கிட்டத்தான் வந்தான். ஒழுங்கா செஞ்சானா, இல்ல ஏனோதானோன்னு இருந்தானா? அவன் பேருல தப்பு இல்லேன்னா சொல்லுங்க, பொங்கல் வரைக்குங்கூட நிறுத்தி வெக்கலாம். பசங்க ஒத்துக்குவாங்க. அவனே பண்ண தப்புன்னா எங்களால இனிமே சொமக்க முடியாதுங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் கேட்க முடியாது. பதிலும் என் நாக்கில்தான் இருந்தது. 'ஏழு வாரம் நான் பாழாக்கிட்டேன். தப்பு என்னோடது. பொங்கல் வரைக்கும் குடுங்க.' இவ்வளவுதான்.

தரகர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்டியில் பாதிப் பேர் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுகிறவர்கள்.

"சொன்னதெல்லாம் செஞ்சாருங்க," என்றேன். "ஒடம்பு எடுத்துக்கல."

மாதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒடம்பே எடுத்துக்கலைன்னா பொங்கலுக்கு மட்டும் எடுத்துக்குமா? நாம என்ன பண்ண முடியும்?" என்றார். அன்று மதியமே வேறு ஆள் வரிசையில் நின்றான்.

சின்னசாமி என்னிடம் வந்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "வாரம் ரெண்டு நாள், பத்து செட்டு. அதையே வூட்டுலயும் செய்யலாங்களா மாஸ்டர்?" என்று கேட்டார். செய்யலாம் என்றேன். அதற்குப் பிறகு ஜிம்முக்கு வரவில்லை.

8. மாசி மாதம்

இப்போது யார் சேர்ந்தாலும் நான் படிவத்தில் தொழில் கேட்பதில்லை. கண் விழித்ததிலிருந்து படுக்கும் வரை ஒரு நாளை முழுசாகச் சொல்லச் சொல்கிறேன். எதைத் தூக்குகிறீர்கள், எதை இழுக்கிறீர்கள், எங்கே குனிகிறீர்கள், கூலி இல்லாவிட்டாலும் சொல்லுங்கள் என்கிறேன். தறி ஓட்டுபவர், பால் கேன் தூக்குபவர், இரண்டு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் சுமக்கும் பெண், யாருக்கும் ஒரே அட்டவணை கிடையாது. ஜிம்முக்கு வெளியே நடப்பதையும் செட்டாக எண்ணுங்கள். தசை குறைந்தால் கூட்டுவதற்கு முன்னால் குறைத்துப் பாருங்கள். இளையவர்கள் கேட்ட தொழில் பாடம் இவ்வளவுதான்.

மாசி மாதம் ஒரு காலையில் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் சின்னசாமியைப் பார்த்தேன். ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாராம். கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார். நடையில் நொண்டல் சுத்தமாக இல்லை.

"பாத்தீங்களா மாஸ்டர்? ராகி மூட்டைய நெஞ்சோட புடிச்சுட்டு, நீங்க சொன்ன மாதிரியே வாரத்துக்கு ரெண்டு நாள். வூட்டுல தையல் டேப் இருக்குதுங்க, அவதான் அளப்பா. பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி ரெண்டு காலும் ஒண்ணாயிடுச்சுங்க."

பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். கேட்காமல் விட்டது நான், கூட்டி அடித்தது நான், புரட்டாசி மேல் பழி போட்டது நான். மேஸ்திரி கேட்டபோது உண்மையைச் சொல்லாததும் நான்தான். "உங்க ஒடம்பு பேருல ஒரு குத்தமும் இல்லைங்க சின்னசாமி," என்றேன்.

அவர் தன் சாப்பாட்டுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தெரியுங்க மாஸ்டர்," என்றார். "நீங்க பாதியாக் கொறச்சதும் கால் வளந்துச்சு இல்லீங்களா, அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்ப மேஸ்திரி கேக்கறப்ப நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"அத்தன பேரு முன்னால நானே சொன்னா உங்களுக்கு அசிங்கமா இருக்குமுங்க. நீங்களே சொல்லுவீங்கன்னுதான் வாயத் தொறக்காம நின்னேன்."

கம்பெனி பஸ் வந்தது. போயிட்டு வர்றேனுங்க என்று சொல்லிவிட்டு ஏறினார், இடது காலை முதலில் வைத்து. அன்று மதியம் நான் மண்டிக்குப் போய் மேஸ்திரி மாதப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அன்னிக்குச் சொல்லியிருக்கணும் மாஸ்டர்," என்றார். ஆமாங்க என்று சொல்லிவிட்டு நாலு மணி பேட்ச்சுக்கு ஜிம்முக்கு வந்தேன். தப்பு செய்யாத மாஸ்டர் கிடையாது. செய்துவிட்டால், யார் பார்த்தாலும் பரவாயில்லை, அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.